சாயம் என்றால் நிற்க வேண்டும்

வெங்காயத் தோலைக் குப்பையில் கொட்டக் கூடாது என்பது என் கட்சி. குன்னூர் மார்க்கெட்டில் நான் காய் வாங்கும் கடைக்காரர், பல்லாரி மூட்டையைக் கொட்டியதும் அடியில் தங்கும் தோலை எனக்கென்று ஒரு பையில் சேர்த்து வைத்துவிடுவார். "அக்கா, உங்க சரக்கு வந்தாச்சு" என்று குரல் கொடுப்பார். என் வீட்டுக்காரரின் கையில்லாத ஸ்வெட்டர், அக்கா பேரனின் குல்லா, நான் காலையில் போர்த்திக்கொள்ளும் சால்வை எல்லாம் அந்தச் சரக்கில் நிறம் பெற்றவைதான்.

பார்க்கிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "துவைச்சா போயிடாதா?" சரியான கேள்வி. தண்ணீரில் நிறத்தை இறக்குகிற செடி ஆயிரம் இருக்கிறது. அந்த நிறம் நூலில் ஏறி, சோப்பையும் வெயிலையும் தாங்கி நின்றால்தான் அதற்குச் சாயம் என்று பெயர். நிற்காதது கறை. கம்பளிக்கு வீட்டில் சாயம் போட விரும்புகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். செடியைத் தேடி ஓடுவதற்கு முன்னால் எது நிற்கும், எதனால் நிற்கும் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது கம்பளிதானா என்று பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் 'உல்லன்' என்று விற்கும் நூலில் பெரும்பகுதி அக்ரிலிக். பார்க்கவும் தொடவும் கம்பளி மாதிரியே இருக்கும், விலையும் குறைவு, ஸ்வெட்டர் போட நன்றாகவே இருக்கும். ஆனால் அது பிளாஸ்டிக் இழை. அதை நாள் முழுக்க வெங்காயத் தோலில் வேகவைத்தாலும் சாயம் பிடிக்காது. சந்தேகம் இருந்தால் விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்துத் தீ வைத்துப் பாருங்கள். கம்பளி என்றால் முடி கருகும் நாற்றம் வரும், தீயை எடுத்ததும் தானாக அணையும், கருகிய முனையை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகி, ஆறியதும் கெட்டியான மணியாக நிற்கும்.

எங்கள் மலைக்கென்றே நீலகிரிச் செம்மறி என்று ஓர் இனம் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் இங்கே கொண்டுவரப்பட்ட மெரினோ, செவியட், சவுத்டவுன் ஆடுகள் கோயம்புத்தூர் ஆடுகளோடு கலந்து உருவானது. தென்னிந்தியாவில் மென்மையான கம்பளி தரும் ஆடு என்றால் அதுதான். இப்போது எண்ணிக்கை மிகவும் குறைந்துவிட்டது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் உள்ள ஆராய்ச்சி நிலையத்தில் அந்த இனத்தைக் காப்பாற்றி வளர்க்கிறார்கள். அந்தக் கம்பளி நூலாகக் கடையில் கிடைத்தால் நான் வேறெதையும் வாங்க மாட்டேன். கிடைக்கிறவரை வெள்ளை மெரினோ சிட்டம் (சுற்றிய நூல் கற்றை) வரவழைத்துத்தான் வேலை நடக்கிறது. வாங்கும்போது 'சூப்பர்வாஷ்' என்று போட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மெஷினில் துவைத்தாலும் சுருங்காதபடி பதப்படுத்திய நூல் அது. சாயத்தை வேகமாக உறிஞ்சும், நிறமும் அடர்த்தியாக வரும். பதப்படுத்தாத நூல் மெதுவாக ஏற்றிக்கொள்ளும். இரண்டையும் ஒரே பாத்திரத்தில் போட்டால் இரண்டு நிறம்தான் கிடைக்கும்.

சிட்டத்தை நான்கு இடத்தில் பருத்தி நூலால் தளர்வாகக் கட்ட வேண்டும். இறுக்கினால் கட்டுக்கு அடியில் வெள்ளையாக நின்றுவிடும். பூந்திக்கொட்டை ஊறவைத்த வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கி எடுத்து அலசினால் நூற்பாலையில் தடவிய எண்ணெய் போய்விடும். துணி சோப்புத் தூள் வேண்டாம், அதன் காரம் கம்பளிக்கு ஆகாது.

அப்புறம் படிகாரம். பெரும்பாலான செடிச் சாயங்கள் கம்பளியோடு நேராக ஒட்டுவதில்லை. படிகாரத்தில் உள்ள அலுமினியம் ஒரு கையால் இழையையும் மறு கையால் சாயத்தையும் பிடித்துக்கொள்கிறது. நாட்டு மருந்துக் கடையில் கட்டியாகக் கிடைக்கும். பொடித்து, 100 கிராம் காய்ந்த நூலுக்கு 12 கிராம் என்று நிறுத்துப் போடுங்கள். கண்ணளவு வேண்டாம். கூடிப்போனால் நூல் பிசுபிசுப்பாகிவிடும், குறைந்தால் நிறம் வெளிறும். கேக் சாமான் விற்கும் கடையில் கிரீம் ஆஃப் டார்ட்டர் கிடைத்தால் 5 கிராம் சேர்க்கலாம். நூல் மிருதுவாக இருக்கும், நிறமும் தெளிவாக வரும். இல்லாவிட்டாலும் வேலை நிற்காது.

எவர்சில்வர் அண்டாவில் நான்கைந்து லிட்டர் தண்ணீர் விட்டுப் படிகாரத்தைக் கரைத்து, நனைத்த நூலை உள்ளே விட்டு, சிறு தீயில் வைக்கவும். அலுமினியம், இரும்புப் பாத்திரம் கூடாது, அவை நிறத்தையே மாற்றிவிடும். சமையலுக்கு எடுக்கும் பாத்திரமும் கூடாது. 80 முதல் 85 டிகிரிவரை மெல்ல ஏற்றி, ஒரு மணி நேரம் அந்தச் சூட்டிலேயே வைத்து, அடுப்பை அணைத்து, தண்ணீரிலேயே ஆறவிடுங்கள். இரவு முழுக்க இருந்தால் இன்னும் நல்லது.

சூடு பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் கம்பளி கெடுவது இங்கேதான். கம்பளி இழையின் மேல் மிக நுண்ணிய செதில்கள் உண்டு. திடீர்ச் சூடு, திடீர்க் குளிர், கிளறல் மூன்றில் எது நேர்ந்தாலும் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு நூல் கெட்டித் துணியாக இறுகிவிடும். இறுகியதைப் பிரிக்க வழியே இல்லை. அதனால் ஏற்றுவதும் மெல்ல, இறக்குவதும் மெல்ல. நூலைக் கிளறவே கூடாது, கரண்டியால் ஓரத்தில் இருந்து மெதுவாகப் புரட்டிவிட்டால் போதும். மலையில் இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். குன்னூர் உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். குமிழி வருவதை வைத்துச் சூட்டைக் கணக்குப் போடாதீர்கள். சமையல் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள், இந்த வேலைக்கு நீங்கள் செய்யும் மிக உருப்படியான செலவு அதுதான்.

இனி என் வெங்காயத் தோல். நூல் 100 கிராம் என்றால் காய்ந்த தோல் 50 கிராம் போதும். பார்க்க அது ஒரு பெரிய பை நிறைய இருக்கும், அத்தனை லேசான பொருள். தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டு, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, ஆறியதும் படிகாரம் ஏற்றிய நூலைப் போட்டுச் சூடாக்கினால் கண்ணெதிரே தங்க நிறம் ஏறும். பல்லாரித் தோலில் அது செம்பொன்னாகப் போகும். தோலில் உள்ள குவெர்செடின் என்ற பொருள்தான் காரணம். அதே தண்ணீரில் இரண்டாவது சிட்டம் போட்டால் இளம் மஞ்சள், மூன்றாவது போட்டால் வெண்ணெய் நிறம். மூன்றையும் சேர்த்துப் பின்னினால் யாரும் வெங்காயம் என்று நம்ப மாட்டார்கள்.

மஞ்சள் நிறத்திற்கு நான் வெங்காயத்தைவிட நம்புவது செண்டுமல்லியை. ஆயுத பூஜை முடிந்த மறுநாள் டாக்ஸி ஸ்டாண்டுக்கு ஒரு சாக்குப் பையோடு போய்விடுவேன். வண்டிகளின் முன்னால் தொங்கும் மாலைகளைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள். "எடுத்துக்கங்கக்கா, நாங்களே கழட்டித் தூக்கித்தான் போடணும்" என்பார்கள். சாமிக்கும் வண்டிக்கும் சாத்திய பூ நான்கு நாள் நிழலில் காய்ந்தால் வருடம் முழுக்கக் கெடாது. நூல் எடைக்குச் சரி எடை காய்ந்த பூ. படிகாரத்தோடு சேர்ந்தால் ஆழமான, மனசுக்கு நிறைவான மஞ்சள். சாயம் ஏறிய பிறகு ஒரு சிட்டிகை அன்னபேதி கரைத்த தண்ணீரில் பத்து நிமிடம் போட்டால் அதே மஞ்சள் பாசிப் பச்சைக்குத் திரும்பிவிடும்.

அன்னபேதி என்பது இரும்புச் சத்துள்ள உப்பு. 100 கிராம் நூலுக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு கிராம். அதிகமானால் கம்பளி சொரசொரப்பாகி, நாளடைவில் இற்றுப்போகும். குழந்தைகள் வாயில் போட்டால் உயிருக்கே ஆபத்து, ஆகவே என் வீட்டில் அது பூட்டிய அலமாரியில்தான் இருக்கும். மயில்துத்தத்தை, அதாவது செம்பு கலந்த நீல உப்பை, நான் தொடுவதே இல்லை. அழகான பச்சை தரும் என்பார்கள். தரட்டும், அந்தத் தண்ணீரை எந்த மண்ணில் கொட்டுவது? எங்கள் வீட்டுக்குக் கீழே ஓடை போகிறது.

மஞ்சள் தூளைப் பற்றிக் கேட்காதவர்கள் இல்லை. கண்ணைப் பறிக்கும் நிறம்தான், படிகாரம்கூட இல்லாமல் ஏறிவிடும். ஆனால் வெயில் பட்டால் வெளுத்துவிடும், சோப்புப் பட்டால் சிவக்கும். பீட்ரூட், செம்பருத்தி, நாவல் பழம் எல்லாமே இந்தக் கூட்டம். பதிமுகக் கட்டை கொஞ்சம் மேல், அருமையான ரோஜாச் சிவப்பு தரும், ஆனால் அதுவும் ஜன்னல் வெளிச்சத்தில் மெல்ல இறங்கிவிடும். தீபாவளிக்குப் போட்டுக்கொண்டு பெட்டியில் வைக்கும் பொருளுக்குப் பரவாயில்லை. வருடக் கணக்கில் உடுத்தும் ஸ்வெட்டருக்குப் போடாதீர்கள், நான்கு மாதம் ஊசி பிடித்த உழைப்பு அது.

ஒரு சாயம் நிற்குமா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. அட்டையில் நூலைச் சுற்றி, பாதியைக் கறுப்புத் தாளால் மூடி, வெயில் படும் ஜன்னலில் ஒரு மாதம் வைத்துவிட்டுத் தாளை எடுத்துப் பாருங்கள். ஜவுளித் துறையிலும் இதையேதான் செய்கிறார்கள். அங்கே அளவுகோலே கம்பளிதான். நீலச் சாயம் ஏற்றிய எட்டுக் கம்பளித் துண்டுகள், ஒன்று உடனே வெளுக்கும், எட்டாவது கடைசிவரை தாங்கும். சோதிக்கும் துணி எந்தத் துண்டோடு சேர்ந்து வெளுக்கிறது என்று பார்த்து 1 முதல் 8 வரை எண் கொடுப்பார்கள்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இலை. ஊட்டிக்கு வந்தவர்கள் எல்லோரும் மோந்து பார்த்திருப்பீர்கள், கற்பூர மரம். யூகலிப்டஸ். 1843-ல் இந்த மலைக்கு வந்தது. மலையேறி வந்து தங்கியவர்களுக்கு விறகு பற்றாமல் போனதால் 1856 முதல் தோப்புத் தோப்பாக நட்டார்கள். வாட்டில் எனப்படும் சீகை மரமும் அப்படித்தான், அதன் பட்டையில் தோல் பதனிடும் துவர்ப்பு ஏராளம். இரண்டும் சேர்ந்து சோலைகளை ஒட்டிய புல்வெளிகளை விழுங்கின, தண்ணீரை உறிஞ்சின. அவற்றை வெட்டிப் புல்வெளியை மீட்க வேண்டும் என்று சொல்பவர்களோடு நான் முழுக்க உடன்படுகிறேன். அதுவரை உதிர்ந்து கிடக்கும் இலையைப் பொறுக்கிக்கொள்கிறேன்.

ஏனென்றால் இந்த இலைக்குப் படிகாரமே வேண்டாம். அதிலுள்ள துவர்ப்பே கம்பளியைப் பிடித்துக்கொள்ளும். நூல் எடைக்கு இரண்டு மூன்று மடங்கு இலை, இரண்டு மணி நேரம் சிறு தீ. நம் மலையில் அதிகம் நிற்கும் நீளவாட்டு இலை மரத்தில் தேன் கலந்த பழுப்பு வரும். அன்னபேதி சேர்த்தால் மழைக்கால வானத்தின் சாம்பல். பூங்கொத்துக் கடைகளில் வைக்கும் வெள்ளிப் பூச்சு போன்ற வட்ட இலை வகை கிடைத்தால் விடாதீர்கள், அது செங்கல் நிறம்வரை போகும். வேகும்போது வீடு முழுக்கத் தைலம் மணக்கும், எனவே ஜன்னலைத் திறந்து வைப்பது அவசியம். சீகைப் பட்டையும் படிகாரம் கேட்காது, சூடான பழுப்பு தரும். வீட்டில் மிஞ்சும் டீத்தூள் சக்கைகூட இந்தக் குடும்பம்தான். குன்னூர்க்காரிக்கு அதற்கா பஞ்சம்!

அதே 1856-ல்தான் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின், மலேரியாவுக்கான குயினைனைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, கண்ணாடிக் குடுவையில் ஓர் ஊதா நிறத்தைக் கண்டுபிடித்தார். ரசாயனச் சாயத் தொழில் அங்கே தொடங்கியது. நான்கைந்து வருடத்தில் குயினைனுக்காக இந்த மலையிலேயே சின்கோனா மரம் நட்டார்கள். நடுவட்டத்தில் அதற்கு அரசுத் தொழிற்சாலையும் இருந்தது. விறகுக்கும் மருந்துக்கும் தோல் பதனிடவும் எங்கிருந்தோ வந்த மரங்களுக்கு நடுவில்தான் நாங்கள் வாழ்கிறோம். ஊட்டி சாலையில் நடக்கும்போதெல்லாம் இது என் நினைவில் ஓடும்.

சிவப்புக்கு மஞ்சிட்டி வேர். அதுவும் நாட்டு மருந்துக் கடைதான். நூலுக்குச் சரி எடை வேர், முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். சூடு 70 டிகிரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால் வேரில் உள்ள பழுப்பும் சேர்ந்து இறங்கிச் சிவப்பு மங்கும். இதற்கு உப்புத் தண்ணீர், அதாவது சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீர் பிடிக்கும். மலைத் தண்ணீர் மெல்லியது என்பதால் நான் முட்டை ஓட்டை நைசாக அரைத்து ஒரு ஸ்பூன் போடுகிறேன். அடுப்பில் இரண்டு மணி நேரம், அப்புறம் இரவு முழுக்க ஊறல். காலையில் செங்காவியும் ரத்தச் சிவப்பும் கலந்த ஒரு நிறம் வரும். தோடர் பெண்கள் பூத்துக்குளி என்ற வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக நூல் வேலை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? 2013-ல் புவிசார் குறியீடு கிடைத்த வேலை அது. அந்தச் சிவப்பைப் பார்த்துப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இளஞ்சிவப்பு எல்லாம் சிவப்பாகவே தெரியாது. மஞ்சிட்டிதான் அதற்குப் பக்கத்தில் வருகிறது. வெயிலும் தாங்கும்.

சோழமண்டலக் கரையில் துணிக்குச் சிவப்புத் தந்தது சாயவேர். மஞ்சிட்டியின் தூரத்து உறவு, கடலோர மணலில் வளரும் சின்னச் செடி. அதில் உள்ள அலிசரின் என்ற சிவப்புச் சாயப் பொருளை 1868-ல் ஜெர்மனியில் கிரேபே, லீபர்மான் இருவரும் ஆய்வுக்கூடத்தில் செய்துவிட்டார்கள். அதன் பிறகு வேரைத் தோண்டுவதற்கு யாருக்கும் கூலி கட்டவில்லை. தோண்டியவர்களுக்குத் தெரிந்த நுணுக்கம் எல்லாம் அவர்களோடு போனதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

இலையில் இருந்து பச்சை வராதா என்று குழந்தைகள் கேட்கும். வராது. இலையின் பச்சை கம்பளியில் நிற்காது, பெரும்பாலான இலைகளை வேகவைத்தால் மஞ்சளோ பழுப்போதான். பளிச்சென்ற பச்சை வேண்டுமானால் செண்டுமல்லி மஞ்சளின் மேல் அவுரி நீலம் ஏற்ற வேண்டும். அவுரி தனி வித்தை, அதைக் கொதிக்கவைப்பது கிடையாது. நீலம் தண்ணீரில் கரையாது. திண்டிவனம் பக்கத்தில் சுண்ணாம்பும் தகரை விதையும் சேர்த்துப் புளிக்கவைத்து அதைக் கரைய வைப்பார்கள். முக்கி எடுத்த நூல் மஞ்சள் கலந்த பச்சையாக வெளியே வந்து, காற்றுப் பட்டதும் நீலமாகும். பருத்திக்கு அந்தக் காரம் பொருந்தும், கம்பளிக்குப் பொருந்தாது. சுண்ணாம்பைக் குறைத்து, 50 டிகிரிக்குள் வெதுவெதுப்பாக வைத்து, சில நிமிடங்களே முக்கி, கடைசியில் வினிகர் கலந்த தண்ணீரில் அலச வேண்டும். நான் ஆண்டுக்கு ஒரு தடவை, நல்ல வெயில் காலத்தில் மட்டும் இதைத் தொடுகிறேன்.

எந்தச் சாயமானாலும் நூலை அது இருந்த தண்ணீரிலேயே ஆறவிட்டு, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் தொங்கவிடுங்கள். ஒரு வாரம் கழித்துப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசினால் ஒட்டாமல் தங்கிய நிறம் மட்டும் போகும், மீதி அப்படியே இருக்கும். சிட்டத்தில் ஒரு சீட்டைக் கட்டி, செடி, எடை, படிகாரம், மாதம் நான்கையும் எழுதிவிடுங்கள். ஒரு ஸ்வெட்டருக்கு வேண்டிய நூல் முழுவதையும் ஒரே பாத்திரத்தில் போடுவதுதான் புத்திசாலித்தனம். அடுத்த தடவை அதே தோல், அதே அடுப்பு என்றாலும் நிறம் இம்மி மாறத்தான் செய்யும்.

படிகாரத் தண்ணீரைக் கொட்டிவிடாமல் மறுபடி நிறுத்துப் பாதி அளவு படிகாரம் சேர்த்து இன்னொரு சிட்டத்துக்குப் பயன்படுத்தலாம். அதன் பிறகு நிறையத் தண்ணீர் கலந்து ஹைட்ராஞ்சியா செடிக்கு ஊற்றுவேன். எங்கள் புளிப்பு மண்ணில் அது ஏற்கெனவே நீலமாகத்தான் பூக்கும், அலுமினியம் கிடைத்தால் நீலம் இன்னும் கூடும். காய்கறிப் பாத்திக்கு மட்டும் ஊற்ற மாட்டேன். வெந்த இலையும் பூவும் எருக்குழிக்குப் போகும். கடைக்காரர் நேற்றும் பை நிறையத் தோல் கொடுத்தனுப்பியிருக்கிறார். தை மாதத்துக்குள் தங்கச்சி மகளுக்கு ஒரு ஸ்வெட்டர் முடிக்க வேண்டும், ஆகவே நாளைக் காலை அண்டா அடுப்பேறுகிறது.